முத்துப்பேட்டையை மேலிருந்து பார்ப்பது: சில குறிப்புகள்

ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ எடுத்த ஒரு செயற்கைக்கோள் படத்தில் காவிரி டெல்டாவைப் பாருங்கள். கல்லணையிலிருந்து கிழக்கே விரியும் அந்த முக்கோணம் பெரும்பாலும் பழுப்பாக இருக்கும். சம்பா அறுத்தாச்சு. அதுக்குப் பின்னாடி தெளித்த உளுந்தும் பயறும் எடுத்தாச்சு. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடினால், ஜூன் 12 வரைக்கும் பாசனத்துக்குத் தண்ணீர் இல்லை. பம்புசெட்டை வைத்துக் கோடை நெல் போட்டவர்களின் வயல், பருத்திக் காடு, தென்னந்தோப்பு, ஊருக்கு ஊர் கொஞ்சம் மரங்கள் என்று திட்டுத் திட்டாகத்தான் பச்சை. ஆனால் தெற்கே, அதிராம்பட்டினத்துக்கும் கோடியக்கரைக்கும் நடுவில் கடலை ஒட்டி ஒரு பச்சைப் பட்டை மட்டும் அப்படியே இருக்கும். அதுதான் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு.

அதே இடத்தை டிசம்பரில் பார்த்தால், மேகம் இல்லாத நாள் ஒன்று கிடைத்தால், எல்லாமே பச்சை. காடு எது, வயல் எது என்று பிரிப்பதே கஷ்டம். கடற்கரை நிலத்தைச் செயற்கைக்கோளில் படிப்பது என்றால் பெரிய கம்ப்யூட்டர், சிக்கலான கணக்கு என்றுதான் நினைப்போம். அதெல்லாம் வேணும்தான். ஆனால் இந்தப் பகுதிக்கு முதலில் வேண்டியது பயிர்க் காலண்டர். எந்த மாதத்தில் எந்த வயலில் என்ன இருக்கும் என்பது ஒரு தஞ்சாவூர் விவசாயிக்கு மனப்பாடம். அது தெரியாமல் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு வரைபடம் போட்டால் பிப்ரவரி மாத உளுந்தை நெல் என்று எழுதிவிடுவோம்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் லேண்ட்சாட்-5, 1984-ல் ஏவப்பட்டது. அதன் படத்தில் ஒரு பிக்சல், அதாவது ஒரு புள்ளி, தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். 900 சதுர மீட்டர், ஏறக்குறைய 22 சென்ட். நம்ம கணக்கில் ஒரு மா என்பது 100 குழி, 33 சென்ட். ஆக ஒரு லேண்ட்சாட் பிக்சல் மூன்றில் இரண்டு பங்கு மா. 2015-ல் ஐரோப்பியர்கள் அனுப்பிய சென்டினல்-2-இன் பிக்சல் 10 மீட்டருக்கு 10 மீட்டர், ஏழரைக் குழி. இது இரண்டும் இலவசம். லேண்ட்சாட்டின் பழைய படங்கள் முழுவதையும் 2008-ல் தான் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அதுக்கு முன்னாடி ஒரு படத்துக்குக் காசு கொடுத்து வாங்கி, அதை வைத்தே ஒரு ஆராய்ச்சிப் பட்டம் முடித்துவிடுவார்கள். நம்முடைய ஐ.ஆர்.எஸ்.-1ஏ 1988 மார்ச் 17-ல் போனது. ராஜராஜன் காலத்தில் கோல் வைத்து நிலம் அளந்த ஊருக்கு, வானத்திலிருந்து அளப்பது வந்து இன்னும் அரை நூற்றாண்டுதான் ஆகிறது.

அடுத்தது நிறம். செயற்கைக்கோளுக்குப் பச்சை அவ்வளவு முக்கியமில்லை. உயிருள்ள இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை ஏராளமாகத் திருப்பி அனுப்பும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒரு எண் கிடைக்கும். என்.டி.வி.ஐ. என்று சொல்வது அதைத்தான். நல்ல தழைப்பான காட்டுக்கு அது 0.6, 0.7 என்று வரும். காய்ந்த மண்ணுக்கு 0.1, 0.2. தண்ணீருக்குப் பெரும்பாலும் பூஜ்யத்துக்குக் கீழே. ஆய்வாளர்கள் போடும் படங்களில் காடு ரத்தச் சிவப்பாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அகச்சிவப்பைச் சிவப்பாகக் காட்டுவதால் வருவது அது. தீப்பிடித்தது இல்லை, பயப்பட வேண்டாம்.

இந்த எண் ஒன்றை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு முத்துப்பேட்டை நல்ல உதாரணம். அலையாத்தி கோடையிலும் பச்சை. தென்னையும் பச்சை. சீமைக்கருவேலமும் பச்சை, அதுவும் வேற எதுவும் முளைக்காத உப்பு மண்ணில் கூட. மூன்றுக்கும் எண் ஒன்றாகவே வரலாம். இங்கே கைகொடுப்பது குறுஅலை அகச்சிவப்பு என்ற இன்னொரு பேண்ட். ஈரம் இருந்தால் அந்த ஒளி உறிஞ்சப்பட்டுவிடும். அலையாத்தியின் காலடியில் எப்போதும் சேறும் தண்ணீரும் இருப்பதால் அந்த பேண்டில் அது இருட்டாக விழும். மேட்டு மண்ணில் நிற்கும் கருவேலமும் தோப்பும் கொஞ்சம் வெளிச்சமாகத் தெரியும். கோடையில் எடுத்த படம், என்.டி.வி.ஐ., இந்த ஈர பேண்ட் மூன்றையும் சேர்த்தால் காட்டின் எல்லையைப் பெரும்பாலும் பிடித்துவிடலாம்.

பச்சையை விடத் தண்ணீர்தான் இங்கே பெரிய குழப்பம். டெல்டாவின் கடைமடையில், தலைஞாயிறு, வேதாரண்யம், முத்துப்பேட்டை பக்கம், தண்ணீர் தேங்கிய செவ்வகம் ஒன்று படத்தில் தெரிந்தால் அது நாலில் ஒன்றாக இருக்கலாம். நடவுக்குத் தயாரான வயல், இறால் பண்ணை, உப்பளம், இல்லையென்றால் மழை தேங்கிய சேற்று வெளி. ஒரு நாள் படத்தை வைத்து இதைப் பிரிக்கவே முடியாது. வருஷம் முழுக்கப் பார்த்தால் ஓரளவு பிரிந்துவிடும். வயலில் தண்ணீர் சில வாரம்தான் தெரியும், அப்புறம் பயிர் மூடிவிடும், தை மாசி வாக்கில் காயும். உப்பளத்தில் மழைக்காலத்தில் எல்லாம் ஒரே ஏரி. கோடையில் பாத்தி பாத்தியாக வெள்ளை வெளேர் என்று மின்னும். வேதாரண்யத்து உப்பளங்கள் மே மாதப் படத்தில் மேகத் துண்டு மாதிரி வெளுத்திருக்கும். இறால் குளம் இதுக்கு நேர்மாறு. சுற்றிலும் எல்லா வயலும் காய்ந்து வெடித்துக் கிடக்கும் மே மாதத்தில், வரப்பு நேராக, தண்ணீர் கருநீலமாக நிற்கும் செவ்வகம் தெரிந்தால் அது பெரும்பாலும் இறால் பண்ணைதான்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் இந்தக் கடலோரத்தில் இறால் பண்ணைகள் மளமளவென்று வந்தன. உப்புத் தண்ணீர் பக்கத்து வயலில் ஏறுகிறது, குடிநீர்க் கிணறு கரிக்கிறது என்று ஊர்மக்கள் போராடினார்கள். சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 11-ல் வந்த தீர்ப்பு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் பண்ணைகளை அகற்றச் சொன்னது. நாக்பூரில் உள்ள நீரி நிறுவனம் நேரில் பார்த்துக் கொடுத்த அறிக்கைகள் அந்த வழக்கில் பெரிய சாட்சியம். பிறகு 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, பதிவு செய்து பண்ணை நடத்தலாம் என்று நிலைமை மாறியது.

இன்றைக்கு ஒருவர் இந்தச் சண்டையில் எந்தப் பக்கம் இருந்தாலும், 'இந்த இடம் 1989-ல் என்னவாக இருந்தது?' என்ற கேள்விக்குப் பதில் வேண்டியிருக்கும். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் ஒரு பதில் இருக்கும். கிழடுகளின் நினைவில் ஒரு பதில் இருக்கும். லேண்ட்சாட் கிடங்கில் ஒரு பதில் சும்மா கிடக்கிறது. அடங்கலில் நஞ்சை என்று எழுதியிருக்கும் சர்வே எண், பத்து வருஷமாக மே மாதத்திலும் தண்ணீராகவே இருந்தால் யார் பொய் சொல்கிறார்கள் என்று கேட்க ஒரு பிடி கிடைக்கும். அதற்கு மேல் அந்தப் படத்தை நான் சாட்சியாகச் சொல்ல மாட்டேன். 22 சென்ட் பிக்சலில் ஒரு வரப்புத் தகராறைத் தீர்க்க முடியாது.

மேகம் பற்றி ஒரு வார்த்தை. டெல்டாவின் முக்கியமான பருவம் சம்பா. அது வளர்வது வடகிழக்குப் பருவமழையில். சாதாரணக் கேமரா வைத்த செயற்கைக்கோளுக்கு அக்டோபர், நவம்பர் முழுக்க மேகத்தின் முதுகுதான் தெரியும். அதனால்தான் நெல்லைக் கணக்கெடுக்க ரேடார் வந்தது. 2014-ல் போன சென்டினல்-1 தானே நுண்ணலையை அனுப்பி, திரும்பி வருவதைப் பிடிக்கும். மேகம், இருட்டு எதுவும் அதற்குத் தடை இல்லை. தண்ணீர் தேங்கிய வயல் கண்ணாடி மாதிரி அலையை வேறு பக்கம் தட்டிவிடுவதால் கறுப்பாக விழும். நாற்று நட்டு, தூர் கட்டி வளர வளர அதே இடம் வெளுத்துக்கொண்டே வரும். இந்த ஏறுமுகத்தை வைத்து எந்தத் தேதியில் நடவு, எங்கே நடவே இல்லை என்று சொல்லலாம். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனமும் இந்த முறையில் சேர்ந்து வேலை செய்தன. 2016-ல் பருவமழை பொய்த்து விதைப்பே நடக்காமல் போன கிராமங்களைக் கண்டுபிடித்து, பயிர்க் காப்பீடு கொடுப்பதற்கு இது உதவியது. படம் பார்ப்பது பொழுதுபோக்கு இல்லை என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, காட்டுக்குத் திரும்புவோம்.

முத்துப்பேட்டைக் காடு பாமினியாறு, கோரையாறு போன்ற காவிரியின் கடைசிக் கிளைகள் கடலைத் தொடும் இடம். காப்புக்காடு என்று கணக்கில் இருப்பது ஏறத்தாழ 12,000 ஹெக்டேர். அதில் மரம் நிற்பது ஆறில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். மீதி காயல், சேற்று வெளி, உப்புத் தரை. மரத்திலும் பெரும்பகுதி வெண்கண்டல் ஒன்றுதான். அது உப்பைத் தாங்கும். நல்ல தண்ணீர் வருஷத்தில் மழைக்கால மூன்று மாதம்தான் ஒழுங்காக வருகிறது என்பதால் மற்ற வகைகள் நிற்பது சிரமம்.

இந்தப் பொட்டல் இயற்கையாக வந்தது மட்டும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து 1970-கள் வரை கூப்பு போட்டு, ஒரு பகுதியை மொத்தமாக வெட்டி எடுக்கும் முறை இருந்தது. வெட்டின இடத்தில் வெயில் நேராகப் பட்டு, மண் வற்றி, நடுவில் தொட்டி மாதிரி தாழ்ந்துவிடும். கடல் ஏறும்போது உள்ளே வந்த தண்ணீர் வெளியே போகாது. அங்கேயே ஆவியாகி உப்பு ஏறிக்கொண்டே போகும். கடைசியில் வெண்கண்டல் கூட முளைக்காது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் வனத்துறையோடும் ஊர்மக்களோடும் சேர்ந்து, பிச்சாவரத்திலும் இங்கேயும் செய்தது எளிமையான வேலை. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள். ஓதம் உள்ளே வந்து வெளியே போக வழி கிடைத்ததும் உப்பு கழுவிப் போனது, கரையோரம் நட்ட கன்று பிழைத்தது. கூகுள் எர்த்தைத் திறந்து முத்துப்பேட்டைக் காயலின் பக்கம் உருப்பெருக்கிப் பாருங்கள், அந்த மீன்முள்களை எண்ணலாம். பிச்சாவரத்தில் 1986-ஐயும் 2002-ஐயும் ஒப்பிட்டுச் செய்த செயற்கைக்கோள் ஆய்வு காட்டின் பரப்பு ஏறக்குறைய 90 சதவீதம் கூடியதாகச் சொன்னது.

அப்புறம் கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் சாய்ந்த தென்னையைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். சாய்ந்த தென்னைக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் பதினைந்து, இருபது வருஷ வருமானம் இருந்தது, எழுத வேண்டியதுதான். அலையாத்தியைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. காற்று இலையை உருவிவிட்டு மரத்தை நிற்க வைத்துவிட்டுப் போனது. அப்படி நின்ற மரங்களில் நிறைய பிறகு பட்டுப்போயின. இங்கே செயற்கைக்கோளுக்கு ஒரு கண் மறைவு உண்டு. மொட்டை மரத்தின் அடியில் இருக்கும் சேறுதான் பிக்சலில் பெரும்பங்கு. அதனால் மரம் நிற்கும் இடத்தையே கணக்கு சேற்று வெளி என்று சொல்லும். அதற்கு எதிர்த் தவறும் நடக்கலாம். செத்த மரத்துக்கு அடியில் உமரிச் செடி படர்ந்தால் எண் ஏறும். படத்தைப் பார்த்தவர் காடு மீண்டுவிட்டது என்று எழுதிவிடுவார். படகில் போய் ஒருதரம் பார்த்தால்தான் தெரியும்.

இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2017 அறிக்கையில் தமிழ்நாட்டின் அலையாத்திப் பரப்பு 49 சதுர கிலோமீட்டர். 2019 அறிக்கையில் 45. நாலு சதுர கிலோமீட்டர் போச்சு என்று தலைப்பு போடலாம். கஜாவும் அதில் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் இந்த மாதிரி எண்களைப் படிக்கும்போது ஓரத்தைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும். முத்துப்பேட்டையில் மரங்கள் பல இடங்களில் ஆற்றோரமும் வாய்க்கால் ஓரமும் ஒல்லியான கோடாகத்தான் நிற்கின்றன. 20 மீட்டர் அகலம், 5 கிலோமீட்டர் நீளம் ஒரு கோடு என்று வையுங்கள். உண்மைப் பரப்பு 10 ஹெக்டேர். 30 மீட்டர் பிக்சலில் அந்தக் கோடு விழும் புள்ளிகளை எல்லாம் காடு என்று எண்ணினால் குறைந்தது 15 ஹெக்டேர் ஆகிவிடும். பாதி தண்ணீர் கலந்த பிக்சல் வேண்டாம் என்று தள்ளினால் முழுக்கோடே காணாமல் போகும். மரம் ஒன்று கூட சாகாமல், முளைக்காமல், கணக்கு சைபரிலிருந்து 15 வரை ஆடும். இரண்டு வருஷத்துக்கு இரண்டு வெவ்வேறு கருவிகளின் படத்தை வைத்து 'காடு வளர்ந்தது', 'காடு அழிந்தது' என்று எழுதும் கட்டுரைகளைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது பிக்சல் அளவைத்தான்.

இதில் சட்டமும் வந்து மாட்டிக்கொள்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி அலையாத்தி இருக்கும் இடம் முதல் வகுப்புப் பாதுகாப்பு. 1,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் அதைச் சுற்றி 50 மீட்டர் இடைவெளியும் பாதுகாக்கப்பட வேண்டும் என்று 2011 அறிவிக்கை சொன்னது. 2019-ல் வந்ததில் தனியார் நிலத்துக்கு அந்த இடைவெளி வேண்டாம் என்று தளர்த்தினார்கள். அந்த 1,000 சதுர மீட்டர் எவ்வளவு? லேண்ட்சாட்டில் ஒன்றே முக்கால் பிக்சல் கூட இல்லை, ஒரு பிக்சலும் கொசுறும். சென்டினலில் பத்துப் புள்ளி. அந்தச் சின்னத் திட்டைப் படம் விட்டுவிட்டால் காகிதத்தில் அங்கே காடு இல்லை. மண்டல வரைபடம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது ஊர்க்காரர்கள் போய்ப் பார்க்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். திருத்தம் சொல்வதற்கு அப்போதுதான் வாய்ப்பு.

எனக்கு இதையெல்லாம் விட உறுத்துவது ஒரு சொல்: தரிசு. தேசிய அளவில் தயாரிக்கும் தரிசு நில வரைபடத்தில் உவர் நிலம், சதுப்பு, கடற்கரை மணல் எல்லாம் தரிசின் வகைகளாகவே இடம்பெற்றிருக்கின்றன. விவசாயத்தின் கண்ணில் அது சரி. அங்கே நெல் விளையாது. ஆனால் கோடியக்கரையின் சேற்று வெளியில் பூநாரையும் உள்ளானும் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குவது மரம் இல்லாத அந்தப் பொட்டலை நம்பித்தான். முத்துப்பேட்டையையும் சேர்த்து 38,500 ஹெக்டேரை 2002 ஆகஸ்ட் 19-ல் ராம்சார் ஈரநிலம் என்று அறிவித்தார்கள். அதில் பெரும்பகுதி பச்சையே இல்லாத நிலமும் தண்ணீரும்தான். வரைபடத்தில் தரிசு என்று எழுதிவிட்டால், தொழில் தொடங்க வருபவருக்கும் அது காலி இடம், மரம் நட வருபவருக்கும் அது காலி இடம். நல்ல எண்ணத்தோடு சேற்று வெளியெல்லாம் அலையாத்தி நட்டால் படத்தில் பச்சை கூடும், அறிக்கை அழகாக இருக்கும். உள்ளானுக்கு இரை தேட இடம் இருக்காது. சேற்று வெளிக்கு வரைபடத்தில் தனி வகுப்பு கொடுக்க ஒரு செலவும் இல்லை.

கடலுக்குள்ளேயும் இதே கேள்விதான் இருக்கு. தஞ்சாவூர் மாவட்டத்துக்குக் கடல் உண்டு என்பதே சிலருக்கு ஆச்சரியம். மனோராவுக்கு எதிரே பாக் விரிகுடாவில் கடற்புல் வெளிகள் இருக்கின்றன, அதை மேயும் ஆவுளியா, அதாவது கடல்பசு, இருக்கிறது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசு பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். தண்ணீருக்கு அடியில் அகச்சிவப்பு போகாது. மேலே சொன்ன என்.டி.வி.ஐ. எல்லாம் இங்கே செல்லாது. நீல, பச்சை ஒளியை நம்பித்தான் பார்க்கணும், தண்ணீர் கலங்கியிருந்தால் அதுவும் இல்லை. மழைக்காலத்தில் பாக் விரிகுடா தேநீர் மாதிரி. கடல் அமைதியாகத் தெளிந்திருக்கும் சில வாரங்களுக்குள் நல்ல படம் ஒன்று அகப்பட வேண்டும். மீனவர்களுக்கு வலை போடும்போதே எங்கே புல், எங்கே மணல் என்று தெரியும், அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு படத்தோடு ஒப்பிடுவதுதான் இப்போதைக்கு நம்பகமான வழி.

நீங்களே பார்க்க விரும்பினால்: கோப்பர்நிகஸ் பிரவுசர் என்று தேடுங்கள், இலவசம். முத்துப்பேட்டைக்கு வந்து, சென்டினல்-2-ஐத் தேர்ந்தெடுத்து, பேண்ட் 11, 8, 4 என்ற வரிசையில் படத்தை அமையுங்கள். 2018 மே மாதத்தில் மேகமில்லாத ஒரு நாள், 2019 மே மாதத்தில் ஒரு நாள். கஜாவுக்கு முந்தின வாரத்தையும் பிந்தின வாரத்தையும் ஒப்பிடத்தான் கை பரபரக்கும். ஆனால் நவம்பரில் மேகம், வயல் பச்சை, மழைத் தண்ணீர் மூன்றும் சேர்ந்து ஏமாற்றும். மேக்கு மே என்றால் காடு மட்டும் தனியாக நிற்கும். காயலின் தென்கரையை, கடலுக்கும் காயலுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒல்லிப் பட்டையை, நன்றாக உருப்பெருக்கிப் பாருங்கள். அப்புறம் 2021, 2023 என்று வரிசையாக.